பொழுதுக்கு முன்னால் வரும் வண்டி

திருப்பருத்திக்குன்றம்,
12-1-1974

அன்பு மகள் திரிசலாவுக்கு அப்பா ஆதிநாதன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கரக்பூரில் சுகமாக இருக்கத் திரைலோக்கியநாத சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை அந்த இடத்தில் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் வலி பழைய வலிதான். பாத்திரக் கடையைத் தினமும் திறக்கிறேன், யாராவது வந்தால் வியாபாரம், வராவிட்டால் ஈ ஓட்டுவது. உன் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தம்பி ஜீவகுமார் போனதிலிருந்து அவள் சாயங்காலச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்பதை நீ காரியத்துக்கு வந்தபோதே பார்த்தாய். நீ ரயிலேறிய பிறகும் அப்படியேதான் இருந்தாள். சமண நைனார் வழக்கப்படி நம் வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஆனால் அவன் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போன நாள் முதல், அவன் வராமல் இவள் கை நனைத்ததில்லை. பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் இருட்டிவிடும், இரண்டு பேரும் பட்டினி கிடப்பார்கள். நான் மட்டும் வெட்கமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுவேன். அதற்காகத்தானே அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினான். அதுவும் கார்த்திகை, மார்கழியில் பொழுதோடு போட்டி போட முடியவில்லை. ரங்கசாமி குளத்தில் பட்டறை வைத்திருக்கும் சாமுவேலிடம் கொண்டுபோனான். இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரில் புகை வெளியேறும் வாயை அரத்தால் ராவி உயர்த்தினார்கள். சிலிண்டர் மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். பெட்ரோல் அதிகம் பாயப் பெரிய ஜெட் போட்டார்கள். சைலன்சருக்குள் இருந்த தடுப்பையும் பிடுங்கிவிட்டார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டிக்கு அவ்வளவு வேகம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தமோ ஊரைத் தூக்கியது. வேகவதிக்கு அக்கரையில் வரும்போதே இங்கே கேட்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவேன், உன் அம்மா எழுந்துபோய் இலை போடுவாள்.

அன்று தாமல் ஏரிக்கரையில் மழை மூட்டம். விளக்கில்லாமல் நின்ற லாரி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டிக்கு முன்விளக்கு உடைந்ததோடு சரி. பிள்ளைதான் போனான். 'என் சோற்றுக்காக ஓடி வந்து செத்தான்' என்று இவள் மனதில் பதிந்துவிட்டது. அதை யார் சொல்லியும் எடுக்க முடியவில்லை.

வண்டி கண்ணெதிரே நிற்க வேண்டாம் என்று, விற்றுவிடச் சொல்லி சாமுவேலிடம் கொடுத்திருந்தேன். கார்த்திகை தீபம் கழிந்து ஒரு சாயங்காலம், விளக்கு மாற்றியதை என்னிடம் காட்டுவதற்காக அதை ஓட்டிக்கொண்டு வந்தான். அக்கரையில் சத்தம் கேட்டது. உன் அம்மா எழுந்தாள், கை கழுவினாள், இரண்டு இலை போட்டுச் சோறு வைத்தாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். அப்படி இல்லையம்மா. வாசலில் சாமுவேலைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, "பொழுது இருக்குது, உக்காருப்பா" என்றாள். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான், இவளும் சாப்பிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்துதான் சாப்பிடுகிறாள்.

அதிலிருந்து சாமுவேல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத் தினமும் அந்த வண்டியில் வருகிறான். அவன் வராத நாளில் இவள் பட்டினி. போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டு, "நைனாரே, இது வேகத்துக்குன்னு ராவின இன்ஜினு. ஓட ஓடத் தன்னையே தின்னுக்கினு இருக்குது. ரொம்ப நாள் தாங்காது" என்றான். வேறு சிலிண்டர் போடலாமாம், தடுப்பையும் திரும்ப மாட்டலாமாம். ஆனால் அந்தச் சத்தம் வராதாம். அவன் பிழைப்பையும் நான் பார்க்க வேண்டும், எத்தனை நாளைக்கு அவனை இழுத்தடிப்பது? அதனால்தான் உன்னைக் கேட்கிறேன், அந்த வண்டி நிற்பதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் வந்து இரு. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் வேண்டும். நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாயே, ரயிலில் ஜன்னல் பக்கம் படுக்க வைக்காதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மெட்ராஸில் இறங்கியதும் பஸ் பிடித்துப் பொழுதுக்கு முன்னால் வந்து சேர் என்று எழுதப் போனேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா அதை எழுத வேண்டாம் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மெல்ல வரச் சொல்லுங்க. பொழுது போனா போவுது. அவளும் நானும் ரெண்டு பேரும் காலையில சாப்பிட்டுக்கலாம்."

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ப. ஆதிநாதன்