அறுபது மரக்கறி றோல்ஸ்

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். தொங்கு ரயில் பிந்தியது. முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்கு நானும் பிந்தி, பேச்சு வாங்கினேன்.

பின்னேரம் மகள் ஆரணிக்கு டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. பல் டாக்டரிடம் அவுஸ்பில்டுங், மூன்று வருடப் பயிற்சி. மகளுக்குப் பதினேழு வயது, அதனால் ஒப்பந்தத் தாளில் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் வைத்தேன். இவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. டாக்டரம்மா தாளைக் கையில் தந்துவிட்டாள், வெள்ளி நாலு மணி வரை பார்ப்பாளாம், பிறகு அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாளாம். ஆரணி பஸ்ஸில் வெள்ளிக்கு எத்தனை நாள் என்று விரலில் எண்ணினாள்.

இரவு ஒன்பது மணிக்கு இவர் வந்தார். "ஓவர்டைமப்பா, விட ஏலாமப் போச்சு."

நம்பினேன். ஆவணியில் முருகன் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தவர். என் தாலிக்கொடி அடைவுக் கடைக்குப் போனதற்கு அடுத்த நாள் அது. இனிச் சூதாட்ட மெசின் பக்கம் போகமாட்டேன் என்று அழுதார். நானும் சேர்ந்து அழுதேன், விசரி.

வாங்க (தவம் அண்ணையின் வெள்ளி ஓடர், றோல்ஸ் 60): உருளைக்கிழங்கு 5 கிலோ, லீக்ஸ், றஸ்க் தூள், றோல்ஸ் சுற்றப் பச்சைத் துடைதாள்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. குளிர்.

தமிழ்க்கடையில் வசந்தியைக் கண்டேன். அவளுடைய மனுசனும் மெசின் பைத்தியம், அது ஊருக்கே தெரியும்.

"அக்கா, உங்கட றோல்ஸ் நல்லாத்தான் இருக்கு. இவர் வெள்ளிக்கிழமையில ரெண்டு பொக்கெற்றில கொண்டு வாறவர்."

"எங்க வாங்கினவராம்?"

"வாங்கிறதோ? தவம் அண்ணையின்ர மெசின் கடையில சும்மா குடுக்கினம். பசிக்குதெண்டு ஆரும் எழும்பிப் போகக் கூடாதாம்."

லீக்ஸைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று மாதமாக வெள்ளிக்கு அறுபது. தவம் அண்ணை சொன்னது என்ன? "முதியோர் ஒன்றுகூடல், தங்கச்சி. விரதக்காரர், மச்சம் வேண்டாம், மரக்கறி மட்டும்." நான் வயது போனவர்கள் என்று உறைப்பைக் குறைத்தேன். பல் இல்லாதவர்களுக்காகக் கிழங்கை இரண்டு தரம் மசித்தேன். புண்ணியத்துக்கு ஐந்து கூடவும் போட்டேன்! சொந்தச் செலவில் சூனியம் என்றால் இதுதான்.

வீட்டுக்கு வந்து இவருடைய ஜக்கெற்றைத் தடவினேன். உள் பொக்கெற்றில் என் பச்சைத் துடைதாள், மூன்று. வெள்ளி இரவில் "வயிறு நிறைஞ்சுட்டுது" என்று சாப்பாட்டைத் தள்ளுவாரே, அது என் கைச்சாப்பாட்டால்தான் நிறைந்திருக்கிறது.

இனி அவன் அண்ணை இல்லை. வெறும் த.

யோசித்த பழிகள்:
பேதி மருந்து. (வேண்டாம், என் றோல்ஸுக்குத்தான் கெட்ட பெயர்.)
கல் எறிந்து கண்ணாடி உடைப்பது. (பொலிஸ்.)
த.வின் மனுசிக்குச் சொல்வது. (அவளுக்குத் தெரியும், புதுக் காரே அதில்தான்.)
இவருக்குச் சோறு போடாமல் விடுவது. (அங்கே போய்ச் சாப்பிடுவார்.)

நவம்பர் 6, வியாழன்

நித்திரை இல்லை. வேலையில் விரலை வெட்டிக்கொண்டேன்.

வசந்திக்குப் போன் எடுத்தேன். அவள் சொன்னாள்: மெசின் கடை வாசலில் ஒரு தாள் இருக்குமாம். தன்னை உள்ளே விட வேண்டாம் என்று ஒரு ஆள் தானே எழுதிக் கொடுக்கலாம். கடைக்காரன் அதைப் பதிந்தே ஆக வேண்டும், சட்டம். பதிந்தால் நாடு முழுக்க எந்த மெசின் கடையும் அவரை எடுக்காது. "ஆனா அக்கா, ஆர் வைப்பினம் கையெழுத்து? என்ர மனுசன் கிழிச்சுப்போட்டார்."

ஆரணி இணையத்தில் எடுத்து அச்சடித்துத் தந்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் அவளே நிரப்பினாள்.

"அம்மா, இதில அப்பாதான் கையெழுத்து வைக்கோணும்."

"வைப்பார்."

பல் டாக்டரின் தாளுக்கும் இவர் 'நாளைக்கு, நாளைக்கு' என்றே தள்ளிக்கொண்டிருந்தார்; இரண்டையும் ஒன்றாகப் பையில் வைத்தேன்.

த.வுக்கு அனுப்பினேன்: நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாம், நானே கொண்டு வாறன். பெருவிரல் படம் வந்தது.

உறைப்பு இந்தமுறை குறைக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில்! நவம்பரில்.

அரை நாள் லீவு. இரண்டரைக்குப் போனேன். கண்ணாடி முழுக்கப் படம் ஒட்டி மூடியிருக்கிறார்கள், உள்ளே பகலும் இல்லை இரவும் இல்லை. வாசலில் அவுஸ்வைஸை, அடையாள அட்டையை, கேட்டு என் பெயரை அடித்துப் பார்த்தார்கள். நான் தடைபட்ட ஆள் இல்லையாம். சந்தோசம்.

த. ஓடி வந்தான். "தங்கச்சி, இஞ்ச வையுங்கோ, நான் குடுக்கிறன்."

"இல்லை, நானே குடுக்கிறன். முதியோர் எல்லே, பாவம்."

பத்துப் பதினைந்து முதுகு. பாதி நம்மாட்கள். வெள்ளிக்கிழமை, மச்சம் மட்டும் விலக்கு. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். ஒவ்வொருவருக்கும் றோல்ஸ் வைத்துச் சத்தமாகக் கேட்டேன்.

"தம்பி, மனுசி சுகமோ? பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவ, மாறீட்டுதோ?"

"அண்ணை, அக்காவுக்கு முழங்கால் ஒப்பரேசன் எப்ப?"

வசந்தியின் மனுசனிடம்: "வசந்தியை நான் கேட்டதெண்டு சொல்லுங்கோ."

ஒருவன் சப்பினதை விழுங்க முடியாமல் எழுந்தான். பிறகு இன்னொருவன். ஜக்கெற்றுகள் காணாமல் போயின. த. பின்னால் வந்து, "தங்கச்சி, நான் சட்டப்படி நடத்துறன், லைசன்ஸ் இருக்கு" என்றான்.

"ஓம், தெரியும். கொஞ்சம் நில்லுங்கோ."

கடைசி மூலை. இவர். தட்டை வைத்தேன்.

"உங்கட மனுசி சுகமோ?"

"ஓம், சுகம்." திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. கை மட்டும் வந்து றோல்ஸை எடுத்தது.

இருபத்திரண்டு வருடம். என் குரல்.

"ரெண்டு கையெழுத்து வேணும்" என்றேன். அப்போதுதான் பார்த்தார். முகம் வெளிறியது. மெசின் சத்தம் போட்டது, கண் திரும்ப அங்கே போய்விட்டது.

"ஆரணியின்ர தாளோ? கொண்டா, வைக்கிறன். நீ முதல் வெளியில போ."

வாசிக்கவில்லை. இரண்டிலும் வைத்தார்.

இரண்டாவதைத் த.விடம் நீட்டினேன். "சட்டப்படி நடத்துறவர் எல்லே? இதைப் பதியுங்கோ. நான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கமெராவைப் பார்த்தான். பதிந்தான். பிறகு அவனே போய் இவருடைய தோளைத் தட்டி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கப் பல் டாக்டரிடம் ஆரணியின் தாள் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா மகளின் கையைக் குலுக்கினாள்.

நவம்பர் 8, சனி

மறுபடியும் தூறல்.

இவர் காலையிலிருந்து வீட்டில். கத்தினார், ஏமாற்றிவிட்டேனாம். பிறகு அழுதார். பிறகு, "எத்தினை காலத்துக்கு?"

"ஆகக் குறைஞ்சது ஒரு வருசம்" என்று ஆரணி சொன்னாள்.

த. மூன்று தரம் போன் எடுத்தான். எடுக்கவில்லை.

பின்னேரம் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன், ஒரு பிறந்தநாள் ஓடர். இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்னோட கதைக்க மாட்டியோ? உனக்குச் சுகமில்லையோ?"

கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"ஓம், சுகம்."