இடது கை என்னுடையது

இன்று காலை உன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். ஒரு வருடமாக உள்ளேயே கிடந்து கெட்டுப்போன பெட்ரோலின் வாசம், புளிப்பும் வார்னிஷும் கலந்த மாதிரி, முகத்தில் அடித்தது. கணபதிப் பகுதியில் உன் மாமாவின் பட்டறை வாசலில்தான் வண்டி நிற்கிறது. போன வாரம் உன் கணவர் போன் செய்து, "விக்க மனசு வரலீங்க, நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். யோசிக்காமல் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்பதே உறைத்தது.

அதாவது, பாதிதான் தெரியும்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கிரில் கேட் வேலையை மகனிடம் விட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னையும் விடவில்லை.

"ஏனுங்க அம்மணி, இந்த வயசுல இது எதுக்குங்க?"

"வால்பாறை போகோணுமுங்க மாமா."

"கார்ல போங்க. பசங்க கூட்டிட்டுப் போவாங்க."

"ஓட்டிட்டுப் போகோணுமுங்க."

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நடுமலையில நின்னுபோச்சுன்னா யாரக் கூப்புடுவீங்க?"

அந்தக் கேள்வியை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அம்மா உன்னிடம் கேட்டது அது.

தொண்ணூறுகளின் நடுவில், நாம் இயற்பியல் பட்டம் முடித்த கோடை. உனக்கு ஒரு வேலை கிடைக்கும்போல இருந்தது. மலையில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் போய் எடை இயந்திரங்களையும் வெப்பமானிகளையும் சரிபார்க்க வேண்டும். சொந்த வண்டி வேண்டும். உன் அப்பா விட்டுப்போன இந்த மோட்டார் சைக்கிள் இருந்தது, உனக்கு ஓட்டவும் தெரியும். ஆனால் அவிநாசி ரோட்டில் ஓட்டுவது வேறு, மலை வேறு என்றார் உன் அம்மா. கணவர் போன பிறகு தனியாளாக உன்னை வளர்த்தவர். எதற்கும் சத்தம் போடமாட்டார், ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். "மலையில வண்டி நின்னுபோனா யாரக் கூப்புடுவ கண்ணு?"

"நின்னா எறங்கிப் பாப்பனுங்மா."

"பாத்தும் ஆகலீன்னா?"

அவரே முடிவு சொன்னார்: "ஒரு வாரம் மலையில ஓட்டிக் காமி. நானும் கூட வாரேன். ஒருக்கா வண்டிய உங்க மாமன் கையில குடுத்தாலும் அந்த வேலைய மறந்துரோணும்."

பின்சீட்டில் நானும் என்று முடிவானது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பொட்டப்புள்ளைக ஒரு வாரம் வெளியே தங்குவதா என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். நீ காபி கொடுத்துக்கொண்டே சொன்னாய்: "வெளிய எங்கீங்க தங்கறோம்? ஊட்டையே கூட்டிட்டுப் போறோமுங்க."

சொன்னபடியே செய்தாய். கேட்டுகளை ஏற்றிப்போக மாமா வைத்திருந்த பழைய வேன் பத்து நாளில் வீடாகிவிட்டது. மடக்குக் கட்டில்கள், அடுப்பு மேடை, உன் அம்மாவின் பழைய சேலையில் தைத்த திரைகள், கூரைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. மாமாவுக்கு எதையும் லேசாகச் செய்யத் தெரியாது. கட்டில்களை வங்கிக் கதவுக்கு வெல்டிங் வைப்பதுபோல வைத்திருந்தார். தொட்டி நிறையச் சிறுவாணித் தண்ணீர். "ஒரு வாரத்துக்கு வேற தண்ணியே வாயில படக்கூடாது" என்று உன் அம்மாவும் அவர் தம்பியான மாமாவும் அதில் மட்டும் ஒரே கட்சி.

தங்குவதற்கு இடம் பிடிப்பது என் பொறுப்பு. எங்கள் பங்குச் சாமியார் சொல்லிவைத்ததால், வால்பாறை தாண்டி ஓர் எஸ்டேட் கிறிஸ்தவக் கோயிலின் பின்பக்க மைதானத்தில் வேனை நிறுத்தச் சம்மதித்தார்கள். ஞாயிறு பூசை தவறாது என்பதால் என் அப்பாவும் சம்மதித்தார். நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார, மாமாவும் உன் அம்மாவும் வேனில் நம் பின்னால் வர, ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டு, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கி மலை ஏறினோம்.

முதலில் நின்றது பைக் இல்லை, வீடுதான்.

பாதி மலை ஏறியிருப்போம். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்று நான்தான் உன் தோளைத் தட்டினேன். திரும்பி இறங்கிப் போய்ப் பார்த்தால், ஒரு கொண்டை ஊசி வளைவில் வேன் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. மாமா பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு வேர்த்து நிற்கிறார். உன் அம்மா சாலையோரக் கட்டையில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறார், பேருந்துக்குக் காத்திருப்பவர்போல.

"யாரக் கூப்புடுறதுன்னு பாத்துட்டிருந்தீங்களாம்மா?" என்றாய்.

"வாய மூடு" என்றார். ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

கூரைமேல் இருந்த பாரம்தான் வேனை ஏறவிடவில்லை. தொட்டியைக் காலி செய்தே ஆகவேண்டும். மாமா குழாயைத் திறக்கப் போனபோது உன் அம்மா துடித்துவிட்டார். "டேய், சிறுவாணித் தண்ணிடா! ரோட்டுல ஊத்தறயே!" அவர் நின்ற இடத்துக்குப் பின்னால், பாறையிலிருந்து ஓடை ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. ரசச் சட்டி, குக்கர், தூக்குப்போசி என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் மீதியை ஊற்றவிட்டார். பிடித்தது தீர்ந்ததும் அந்த வாரம் முழுக்க மலை ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தோம். நன்றாகத்தான் இருக்கிறது என்று கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு வந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு காலையும் நீ ஒரு தொழிற்சாலைப் பாதையைத் தேர்ந்தெடுப்பாய், நான் பின்னால் ஏறுவேன். தேயிலை லாரி எந்த வளைவில் அகலமாகத் திரும்பும், பனி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும், எங்கே சாணி கிடக்கும் என்று நீ சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாய். மைதானத்துக்குத் திரும்பினால் உன் அம்மா உப்பும் கையுமாக நிற்பார், நம் கால்களில் அட்டை தேட. மழை வேன் கூரையில் அடிக்கும். உள்ளே அரிசியும் பருப்பும் சாதம், நெய், மாமாவின் புலம்பல். அவ்வளவு குறுகிய இடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இது உன் பரீட்சை, நான் வெறும் பாரம், அந்தத் தொட்டித் தண்ணீரைப் போல. உன்னிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, கோயில் படியில் பாசி வழுக்கி விழுந்தாய். ஒரு வாரம் வண்டியில் விழாதவள், நடந்து விழுந்தாய். இடது மணிக்கட்டு காலைக்குள் வீங்கிவிட்டது. ஹேண்டிலில் கையை வைக்க முடிந்தது, விரல்களைத்தான் மடக்க முடியவில்லை.

"முடிஞ்சுது" என்றார் மாமா. அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. "பைக்க நான் எறக்கறேன். வேனுக்கு எஸ்டேட் டிரைவரப் புடிச்சுக்கலாம். கை புடிக்காம க்ளட்ச்ச என்ன வாயிலயா புடிப்ப?"

உன் அம்மா திரைகளை மடித்துக்கொண்டிருந்தார். நீ முகம் கழுவப் போனாய். திரும்பி வந்தபோது முகம் துடைக்கக்கூட இல்லை. நேராக என்னிடம் வந்து கேட்டாய்:

"புள்ள, உன் எடது கை சும்மாதான இருக்குது?"

மைதானத்திலேயே பழகினோம். நான் உன் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து, உன் இடது கைக்கு அடியில் என் கையை நீட்டி க்ளட்ச்சைப் பிடிக்க வேண்டும். நீ "க்ளட்ச்" என்றால் பிடி, "விடு" என்றால் விடு. கியர் உன் காலில், பிரேக்கும் ஆக்சிலேட்டரும் உன் வலது கையில். முதலில் வண்டி தவளைபோல் துள்ளி அணைந்தது. எஸ்டேட் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "வெடுக்குன்னு விடாத புள்ள, கோழிக்குஞ்ச கீழ எறக்கி விடற மாதிரி விடு" என்றாய். அப்புறம் துள்ளவில்லை.

அப்படித்தான் இறங்கினோம். அத்தனை வளைவுகளும். உன் முதுகைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. வளைவு வருவது உன் மூச்சில் தெரிந்தது. கொஞ்ச தூரத்துக்குப் பிறகு, நீ சொல்வதற்கு அரை நொடி முன்பே என் விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்தன.

ஒரு வளைவில், ஏறி வந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்றோம். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னம்மா, ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்டறீங்க?"

"நீங்களும் ரெண்டு பேருதானுங்க ஓட்டறீங்க! கண்டக்டர் விசிலடிச்சாத்தான போறீங்க?" என்றாய்.

பேருந்தே சிரித்தது. கண்டக்டர் நமக்காக இரண்டு விசில் அடித்தார். நீ "விடு" என்றாய். விட்டேன்.

ஆழியாறில், மரநிழலில், வேன் நம் பின்னால் வந்து நின்றது. மாமா இறங்கியதும் வழக்கைத் தொடங்கினார்: "அக்கா, இது கணக்குல சேராது. அவ தனியா ஓட்டல."

"வண்டிய உன் கையில குடுத்தாளா?"

"இல்லீங்க, ஆனா..."

"அப்பறம் என்ன?" உன் அம்மா என்னிடம் வந்தார். மடங்கியபடியே விறைத்துப்போயிருந்த என் இடது கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக நீவி விரித்தார். உன்னைப் பார்த்துச் சொன்னார்: "நின்னுபோனா யாரக் கூப்புடுவேன்னு கேட்டேன். ஆளிருக்குது. வேலைக்குப் போ."

நீ போனாய். வருடக்கணக்காக அந்த மலையில் ஏறி இறங்கினாய். நான் கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன், கல்யாணம், பிள்ளைகள். போன வருடம் மருத்துவமனையில், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அதை என் பக்கம் நீட்டினாய். "புள்ள, உன் எடது கை சும்மாதான இருக்குது?" நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் நாம் அப்படிச் சிரிக்க நேரம் கிடைக்கவில்லை.

இன்று மாமாவின் கேள்விக்கு உன் பதிலைத்தான் சொன்னேன். "நின்னா எறங்கிப் பாப்பனுங்க." அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, மகனைக்கூடக் கூப்பிடாமல், கெட்ட பெட்ரோலை வடித்து டேங்கைக் கழுவ ஆரம்பித்தார்.

சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் காலி மனையில் ஓட்டிப் பார்த்தேன். க்ளட்ச்சைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. மக்கர் செய்ததெல்லாம் வலது கைதான். அது உன் பக்கம். நீ என்ன செய்தாய் என்று நான் பார்த்ததே இல்லை, உன் முதுகு மறைத்திருந்தது. எத்தனையோ முறை அணைந்தது. இறங்கிப் பார்த்தேன், மறுபடி உதைத்தேன். இருட்டுவதற்குள் மனையை முழுதாகச் சுற்றி வந்துவிட்டேன்.

மழை பிடிப்பதற்குள் ஏறிவிடுவேன். முதல் வளைவில் "க்ளட்ச்" என்று சத்தமாகச் சொல்லப்போவது நான்தான். பிடிக்கப்போவதும் நான்தான்.