நம் கதவில் ஒரு கோணல் பாக்கெட்

அன்புள்ள பொடிசுக்கு அப்பா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்கிறாயா? நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது. நான் நலம். உன் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதுவும் உன்னோடு பேசும் அந்த ஐந்து நிமிடம் அப்படித் தெளிவாகப் பேசுகிறாள், நான் ஏதாவது சொன்னால் நீ என்னைத்தான் டாக்டரிடம் காட்டச் சொல்வாய். அதனால் அவள் குளிக்கும் நேரம், கண்ணயரும் நேரம் என்று பார்த்துப் பார்த்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். கையெழுத்து அங்கங்கே ஓடியிருந்தால் குளியலறைக் குழாய் நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்.

நம் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒரே அச்சுதானே, அதே பழுப்புக் கதவு, லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம் இரண்டாவது. போன மாதம் ஒரு நாள் அம்மா நாலாவதுக்குப் பதில் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டாள். கதவு திறந்திருக்கிறது, நேரே சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரும் வைத்துவிட்டாள். அது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீடு. அவர் மனைவி சத்தம் கேட்டு வந்து நிற்க, யாரும்மா நீ, எங்க வீட்டுக்குள்ள உனக்கு என்ன வேலைன்னு அம்மா அவளையே ஒரு அதட்டு அதட்டியிருக்கிறாள். நல்ல மனுஷி அந்தப் பெண், சண்டை போடாமல் அந்தத் தண்ணீரிலேயே டீ போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்து மேலே கொண்டுவந்து விட்டாள். அம்மா சிரித்து மழுப்பினாள், நானும் கூடச் சிரித்து வைத்தேன். மாடி மாறி இறங்குவது யாருக்கும் நடப்பதுதானே என்று நீ சொல்வாய். இறங்கலாம், சரி. அடுத்தவர் அடுப்பும் பாத்திரமுமா அடையாளம் தெரியாமல் போகும்?

யோசித்து யோசித்து, கதவில் ஓர் அடையாளம் மாட்டலாம் என்று முடிவுக்கு வந்தேன். எண் பலகை வைத்தால் அவளுக்கு ரோஷம் வந்துவிடும், அதனால் துணியில் ஒரு வளையம், அழகுக்கு மாட்டுவது போல. பழைய டேபிள் ஃபேன் பரணில் கிடந்ததே, அதன் கூண்டிலிருந்து வெளிக் கம்பி வளையத்தை மட்டும் கழற்றினேன். யூனிஃபார்ம் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்ததற்கு வீட்டில் வெட்டுத்துண்டுக்கா பஞ்சம், நீலம், கருஞ்சிவப்பு, கட்டம் போட்டது எல்லாம் எடுத்து, இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம் என்று நாடா நாடாக வெட்டினேன். ஒவ்வொன்றையும் கம்பியில் முடிச்சுப் போட்டு நெருக்கி நெருக்கித் தள்ள வேண்டும், கம்பி கண்ணில் படவே கூடாது. எதுக்குங்க இதுன்னு அம்மா கேட்டாள், அழகுக்குத்தான் என்றேன். இந்த வயசுல கதவுக்கு அலங்காரமா, கதவுக்கா உங்களுக்கான்னு கிண்டல் பண்ணிக்கொண்டே பாதி வளையத்தை அவள்தான் கட்டினாள். முடிச்சு ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்றும் இல்லை, நாம்தான் வீணாகப் பயப்படுகிறோம் என்றுகூட நினைத்தேன்.

இனிமேல் எழுதப்போவது என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய விஷயம். ஒற்றைத் துணியை வெட்டி எனக்குப் பழக்கமே இல்லை என்று உனக்குத் தெரியும், கை தன்னால் துணியை இரண்டு அடுக்காகப் போட்டுவிடும், ஒரு வெட்டுக்கு இரண்டு துண்டு விழும். வளையத்தைக் கட்டிக் கதவில் மாட்டிய பிறகு பார்த்தால் அதே நிறம், அதே அளவு, இன்னொரு வளையத்துக்கு வேண்டிய நாடா அப்படியே மிச்சம் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடிக்காரர் மனைவி வந்து, அட எவ்வளவு நல்லா இருக்கு, எனக்கும் ஒண்ணு கட்டித் தருவீங்களான்னு கேட்டாள். அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தவளுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? கட்டிக் கொடுத்தேன், அவளும் கொண்டுபோய்த் தன் வீட்டுக் கதவிலேயே மாட்டிவிட்டாள். எதற்காக முதல் வளையத்தைக் கட்டினேன் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவே இல்லை. அவளுக்கும் நான் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டி வாங்கப் போன அம்மா முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. கடைக்கு ஓடினேன், அப்போதே போய்விட்டார்களே என்றான் கடைக்காரன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறி வந்தால், மூன்றாவது மாடிக் கதவின் முன் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நம் சாவி அவர்கள் பூட்டில் வளைந்து தொங்குகிறது. என்னைப் பார்த்ததும், ஏங்க பூட்டை மாத்துனீங்க, நான் என்ன தப்பு பண்ணினேன், என்னை ஏன் வெளியில நிறுத்துனீங்கன்னு கேட்டு அழுதாள். பொடிசு, நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போ அழகுக்குன்னு சொன்னது பொய்தானான்னு மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போய் அலமாரியைக் குடைந்து, ஒன்றாம் வகுப்பில் உன் பிறந்தநாளுக்கு நான் வெட்டி அவள் தைத்த மஞ்சள் கவுனை எடுத்து வந்தாள். ஒற்றைத் துணி வழுக்கி, பாக்கெட்டை நான் கோணலாக வெட்டித் தொலைத்தேனே, அதேதான். அந்தப் பாக்கெட்டைப் பிரித்தெடுத்து வளையத்தின் கீழ்ப்பக்கம் நாடாக்களின் மேல் வைத்துத் தைத்தாள். எது மறந்தாலும் இது எனக்கு மறக்காது, இதே மாதிரி இன்னொண்ணு வெட்ட உங்களாலயே முடியாதுன்னு சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

தலையில் ஸ்கேன் எடுக்க டாக்டர் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். நான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள், பொடிசு வந்தா அவகூடப் போறேன் என்கிறாள். வேலையில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். அதுவரை போனில் அது ஞாபகமிருக்கா, இது ஞாபகமிருக்கா என்று அவளைச் சோதிக்காதே, அழவும் அழாதே, எப்போதும் போல அவளோடு சண்டை போடு. எனக்குப் பயமாக இருக்கிறது, வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

நேற்று அவளைத் தனியாகவே கடைக்கு அனுப்பிவிட்டு, கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். லிஃப்டிலிருந்து இறங்கி நேரே நம் கதவுக்கு வந்தாள். அந்தக் கோணல் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மணி அடித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே வந்து பையை வைத்துவிட்டு, பொடிசு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளான்னு கேட்டாள். இன்னும் வரலை, வந்துடுவான்னு சொன்னேன்.

என்னைப் பொய்யனாக்கிவிடாதே பொடிசு. நீ நீண்ட ஆயுளோடு எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பதினெட்டாம் தேதி, மறக்காதே. நாலாவது மாடி, பாக்கெட் வைத்த கதவு.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா