துணியைப் பிடித்த பெண்

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் பெயின்ட் வாசனை முகத்தில் அடித்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் பெயின்டர் ஒரு லாரியின் முகப்பில் தேசியக் கொடி வரைந்துகொண்டிருந்தார். கீழே விரித்திருந்த செய்தித்தாளில், எங்கோ நடக்கும் சண்டை பற்றிய ஐ.நா. ஓட்டெடுப்பில் நம் நாடு மறுபடியும் ஒதுங்கிக்கொண்டதாகப் போட்டிருந்தது. உன்னை வம்புக்கு இழுக்கலாம் என்று திரும்பினேன். நீ இல்லை.

உன் மகள் மருத்துவம் படித்த வெளிநாட்டு ஊரில் குண்டு விழுந்த வாரம் எனக்கு மறக்காது. அதுவரை "ஒரு பக்கம் நிக்க வக்கில்லாத நாடு" என்று திட்டிக்கொண்டிருந்தவன், "எம்புள்ள வந்து சேர்ற வரைக்கும் நம்மாளுக வாயத் தொறக்கக் கூடாது" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றாய். எல்லைக்குப் போகும் பேருந்தில் நம் கொடி இருந்தால் இரண்டு படையும் வழிவிடும் என்றார்கள். அங்கே கொடிக்கு எங்கே போவது? நீ போனிலேயே வரையச் சொல்லிக்கொடுத்தாய். "சன்னல் துணியக் கழட்டு சாமி. இழுத்துப் புடிச்சாத்தான் கலர் ஒழுகாது. புடிக்க ஆராச்சும் இருக்கறாங்களா?"

இருந்தாள். உன் மகளின் அறைத்தோழி, அந்த நாட்டுப் பெண். கடைசிவரை துணியைப் பிடித்தவளுக்கு அந்தப் பேருந்தில் இடமில்லை.

மகள் வந்த மறுநாளே வெள்ளைத்தாளோடு என் மேசைக்கு வந்தாய். பட்டறையில் மனு எழுதுகிறவன் நான்தானே.

"நம்ம புள்ள வந்துருச்சு. இனி வாயத் தொறக்கலாமில்ல? டெல்லிக்கு எழுது மாப்ள."

நான் பெரிய மேதாவி மாதிரி பேசினேன். நம் நாட்டுக்கு எண்ணெய் வேண்டும், உரம் வேண்டும், இரண்டு பக்கத்தோடும் பேச்சு இருந்தால்தான் நாளைக்குச் சமாதானம் பேசக் கூப்பிடுவார்கள், பொறு என்றேன்.

"ரெண்டு பேருமே நம்ம பேச்சக் கேப்பாங்கன்னா, நிறுத்துன்னு சொல்றதுக்கு என்ன? அந்தப் புள்ளயும்தான துணியப் புடிச்சுது?"

தாளை இழுப்பறைக்குள் வைத்தேன். வாரம் தவறாமல் "எழுதிட்டயா?" என்பாய். "எழுதறேன், எழுதறேன்" என்பேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். பாவி நான், ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

இன்று அந்தத் தாளை எடுத்தேன். ஓரத்தில் பச்சைப் பெயின்டில் உன் விரல் பதிந்திருந்தது. எழுத உட்கார்ந்தால், யாருக்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டுமே! இத்தனை நாளில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டதில்லையடா.

நாமகிரிப்பேட்டையில் வேலை பார்க்கும் உன் மகளைப் போனில் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னாள். அனுப்பும் செய்திகளுக்குப் பதில் வந்து ரொம்ப நாளாயிற்று என்றாள்.

"இப்ப எதுக்குங்க மாமா?"

அவள் சொன்ன பெயரை உன் விரல்தடத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.