விடியற்காலைத் தண்ணீர்

மார்ச் 4
மறுபடியும் ஒரு தொட்டி முழுக்கப் போய்விட்டது. முத்துச் சிப்பிக் குஞ்சுகள், பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓடு கட்ட ஆரம்பித்து, பாதியில் நின்று, ஓரமெல்லாம் அரித்துப்போய்... அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேராக என் வீட்டுக்காரரிடம் போனார். குஞ்சு பொரிக்கும் இந்தப் பொரிப்பகம் அண்ணனுடையது. தொட்டி கழுவுவது இவர். பழி போட வேறு ஆளா தேட வேண்டும்?

மார்ச் 5
சோப்பாம். இவர் கையிலிருந்து சோப்பு தொட்டிக்குள் போயிருக்குமாம்.

எங்கள் வேலையில் சோப்பு, தலைக்கு எண்ணெய், சென்ட் எதையும் தொடக் கூடாது. துளி கலந்தாலும் குஞ்சுகளுக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குளியலறையில் சோப்பே கிடையாது. சோப்பு போடாத மாப்பிள்ளை என்று என் தோழிகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். அந்த மனுஷன் மேலே போய் இதைச் சொல்ல வாய் எப்படி வந்தது?

மார்ச் 9
அண்ணன் இவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எல்லார் முன்னாலும். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாள் வீட்ல இருங்க."

தப்பாக எடுக்காமல் வேறு எப்படி எடுப்பது? இவர் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

மார்ச் 20
புது ஆள் கழுவுகிறான். குஞ்சுகள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏப்ரல் 2
தண்ணீர் சோதிக்கும் பெண் வந்தாள். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் கடல் தண்ணீரை அளந்தாள். காற்றில் பெருகிவிட்ட கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துக் கடல் புளித்துக்கொண்டு வருகிறதாம். புளித்த தண்ணீரில் குஞ்சுகளால் ஓடு கட்ட முடியாது. ராத்திரியெல்லாம் கடலுக்குள் உள்ள உயிரெல்லாம் அதே வாயுவை மூச்சாக விடுவதால் விடியற்காலையில்தான் புளிப்பு அதிகம். வெயில் ஏறினால் பாசி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

நாங்கள் என்றைக்கும் விடியற்காலையில்தான் பம்பு போடுவோம். அது அண்ணனின் சட்டம். "விடியற்காலைத் தண்ணி தாய்ப்பால் மாதிரி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்தப் பெண் சொல்லி முடித்தபோது அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

ஏப்ரல் 19
குஞ்சுகள் பிழைத்துவிட்டன. இப்போது மதியத் தண்ணீர், அதில் கொஞ்சம் சோடா. ஆமாம், துணி துவைக்கிற அதே சலவைச் சோடா. சோப்பு என்று இவரைத் துரத்திய அண்ணன் தன் கையாலேயே கரைத்து ஊற்றுகிறார். சிரிப்புக்கூட வரவில்லை.

குஞ்சு வாங்க வந்தவரிடம், மதியத் தண்ணீர் பற்றித் தனக்கு முதலிலிருந்தே ஒரு யோசனை இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது ஒட்டுப்போடுகிற வேலைதான் என்றாள் அந்தப் பெண். சில வருஷத்தில் மதியத் தண்ணீரும் புளிக்கும். தொட்டிக்குச் சோடா போடலாம், வளர்ந்த சிப்பிகளை விடுகிற கடலுக்கு யார் போடுவது? அப்போது அண்ணன் யாரை வீட்டுக்கு அனுப்புவார்? என்னையா?

ஏப்ரல் 27
அண்ணன் வந்தார். இவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்து, "நாளைலேருந்து மாப்பிள்ளைய வரச் சொல்லு" என்றார்.

"சோப்புன்னு சொன்னீங்களே, அது என்னாச்சு?"

"அதையெல்லாம் இன்னுமா மனசுல வச்சிருக்க?"

இவர் எழுந்து மின்விசிறியை அண்ணன் பக்கம் திருப்பிவிட்டார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஏப்ரல் 28
இவர் வேலைக்குப் போகவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்து வெகுநேரம் குளித்தார். கதவைத் திறந்ததும் வீடெல்லாம் சோப்பு வாசனை. தலையைத் துவட்டிக்கொண்டே, "உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வேணும்னா போட்டுக்க" என்றார்.

மதியம், பம்பு போட நான் போக வேண்டிய நேரம். என் கையில் சோப்பு நன்றாக நுரைத்தது.