அம்மா அனுப்பிய மணிக்கட்டுப் பட்டை

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே அம்மாவின் வலது கையைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே உன் மணிக்கட்டைத் தவிர நீங்கள் மூவரும் நலம்தானே? தனக்கு வந்த வலிதான் உனக்கும் என்று அம்மா தன் பட்டையைக் கழற்றித் தபாலில் அனுப்பிவிட்டது எனக்கு அப்புறம்தான் தெரியும். பிள்ளைக்காரிக்குத்தான் கை முக்கியம், என் துணி காத்திருக்கும் என்கிறாள். தையல்காரி பேசுகிற பேச்சா இது? போன வாரம் கத்தரிக்கோல் இரண்டு தடவை அவள் பிடியிலிருந்து நழுவியது. முப்பது வருஷம் செய்தி எழுதியவன் சும்மா இருப்பேனா, எங்கே வலி, எப்போது, என்ன செய்யும்போது என்று துருவினேன். பொறுமை போய், அளவு வெட்டும் பழுப்புத் தாளில் கையை வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, மரத்துப்போகும் இடமெல்லாம் தேய்த்து, இந்தாருங்கள், பேப்பரில் போடுங்கள் என்றாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலில் ஒரு பொட்டுகூட இல்லை. தூக்கத்தில் மரத்து எழுப்புமாம், உதறினால் குறையுமாம். உன் கடிதத்தைப் பார்த்து உன் கையையும் அப்படியே வரைந்தேன். மரப்பே இல்லை. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் ஒரே இடம், அதுவும் குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கும்போது.

இரண்டு தாளையும் டாக்டரிடம் காட்டினோம். அம்மாவுக்கு மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, கட்டைவிரலடிச் சதை வற்றத் தொடங்கிவிட்டது, ஆபரேஷனைத் தள்ளக் கூடாது என்றார். உனக்குக் கட்டைவிரலை அசைக்கும் தசைநாரின் உறை வீங்கியிருக்கலாம், ஆனால் நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டாராம். அப்படியானால் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை வேண்டும், அம்மாவுடையது உதவாது. காலையில் மடங்கிக்கொண்டு டக்கென்று நிமிரும் என் மோதிர விரலையும் நீட்டினேன், அது மூன்றாவது ரகமாம். ஒரே வீடு, ஆளுக்கொரு வலி! நீ அங்கே ஒரு டாக்டரைப் பார். அதுவரை குழந்தையின் அடியில் உள்ளங்கை கொடுத்துத் தூக்கு.

விஷயம் இனிமேல்தான். அடுத்த மாதம் அம்மா அங்கே வந்து உனக்காகக் குழந்தையைத் தூக்கப் போகிறாளாம், அதனால் ஆபரேஷன் இப்போது வேண்டாமாம். கத்தரிக்கோல் நிற்காத கையில் பேரன் நிற்பானா என்று கேட்டேன். எழுந்து போய்த் தையல் மிஷினை மூடினாள். நீ சொன்னால் கேட்பாள். சமாளித்துக்கொள்வேன், முதலில் கையைப் பாரும்மா என்று நீயே சொல்லிவிடு.

பட்டையைத் திருப்பி அனுப்ப மறக்காதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழுங்கள். அம்மா வரைந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன், உன் கையை அதன்மேல் வைத்துப் பார். அளவு ஒன்றாகத்தான் இருக்கும், வலிதான் வேறு.

உன் அப்பா