கப்பலுக்கு ஒரு கோட்டு

மகளே,

உன் கணவரின் கோட்டைத் தைத்து அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தேனிலவுக் கப்பலில் கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிடக் கோட்டு வேண்டுமாமே. முப்பது பேர் போகிற சின்னக் கப்பலில் இத்தனை தோரணை.

என்னைக் கேட்காமல் முடிவு செய்த கல்யாணத்துக்கு நான் வரவில்லை. துறைமுகத்துக்கும் வரமாட்டேன்.

"மாப்பிள்ளை கோட்டு, பார்த்துத் தைங்க" என்றாள் அம்மா.

"கடைக்கு வர்ற கோட்டு எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப எதுக்கு மூணு தடவை பிரிச்சீங்க?"

பழைய கோட்டுகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன் நான். ஆனால் நீ அளவை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது, ஆள் நேரில் வந்து நின்றிருக்க வேண்டும்.

பெட்டியில் வைக்கும்போது தோளை உள்பக்கமாகத் திருப்பி மடி, கசங்காது.

கடைக்கு வருகிறவர்களுக்குத் தையலுக்குள் அரை விரல் துணிதான் விடுவேன். பெருத்தால் புதிதாகத் தைத்துக்கொள்ளட்டும். இதில் இரண்டு விரல் விட்டிருக்கிறேன். கப்பல் சாப்பாட்டில் உன் கணவர் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் திரும்புவார். பிரித்துவிட வேறு தையல்காரனிடம் கொடுக்காதே. அப்போதும் கோட்டை மட்டும் அனுப்பிவிடாதே, அவரையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா